மல்லாந்து வரைந்த வரைபடம்

கட்டடப் பொறியாளர் அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வரைபடம் வரைந்துவந்த ஒருவரை, உடன் பணிபுரிவோர் மட்டுமன்றி உறவினர்களும் ‘மில்லிமீட்டர்’ என்றே குறிப்பிட்டு வந்தனர். முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைத்ததில்லை. அவர் முதுகைத் திருப்பும்வரை காத்திருக்கும் அளவுக்கு எல்லோரிடமும் மரியாதை இருந்தது. அவருக்கும் அந்தப் பெயர் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு. சாப்பிட உட்கார்ந்தால், “கொஞ்சம் போடு” என்று அவர் வாயில் வராது. “முக்கால் கரண்டி” என்பார்.

அவருடைய மனைவி தையல் வேலை செய்பவள். நீதிமன்றத்துக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த ஒருவர், வக்கீல்கள் அணியும் கறுப்பு அங்கிகளை மொத்தமாக அவளிடம் தைக்கக் கொடுப்பார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்பதை ஓட்டியவர்கள்தாம் அறிவார்கள். அவளுடைய தையல் இயந்திரமோ கூடத்தின் வலக்கோடியில், ஒரு சுவரலமாரிக்குப் பக்கத்தில் கிடந்தது. கூடத்தில் இருந்த ஒரே குழல்விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் எரிந்தது. ஆகவே அவள் குனியும்போதெல்லாம் அவளுடைய நிழலே அவளுக்கு முன்னால் போய்த் துணிமேல் உட்கார்ந்துகொள்ளும். சென்ற மாதம் ஓர் அங்கியின் இடது கையை உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து அனுப்பிவிட்டாள். அதை மாட்டிக்கொண்டு வாதாடப் போன வக்கீலைப் பார்த்து நீதிபதியே சிரித்துவிட்டாராம்.

துணிக்கடைக்காரர் நேரில் வந்தார். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்க வேண்டியதுதாம்மா. கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லி, பன்னிரண்டு அங்கிகளுக்கான துணியை வைத்துவிட்டுப் போனார். அடுத்து வரும் புதன்கிழமை கெடு.

இதற்கு இரண்டு மாதம் முன்பே அவள் கணவரிடம் ஒரு விளக்குக் கேட்டிருந்தாள். ஒரே ஒரு விளக்கு. இயந்திரத்துக்கு மேலே, சற்று முன்தள்ளி.

“ஒரு விளக்கா? அப்படி ஒண்ணை மட்டும் தனியா யோசிக்க முடியாதும்மா. வீட்டு வெளிச்சத்தை மொத்தமா திட்டமிடணும்” என்றார் மில்லிமீட்டர். அன்றைக்குத் தொடங்கியது.

ஓர் ஆந்தைக்கு, காட்டில் வெளிச்சம் போதவில்லை என்று தோன்றிற்றாம். சூரியனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதத் தொடங்கிற்று. எந்த மரத்தடிக்கு எவ்வளவு வெயில், எந்தப் பொந்துக்கு எத்தனை கதிர் என்று நூறு பக்கம் எழுதிற்று. எழுதி முடிப்பதற்குள் பொழுது நூறு முறை விடிந்துவிட்டது. பாவம், விடிகிற நேரத்தில் எல்லாம் அது எழுதிய களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

மில்லிமீட்டர் நூறு பக்கம் எழுதவில்லை. ஏழு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். விளக்குகளுக்கு எண் கொடுத்தார். வி1, இயந்திரத்துக்கு மேலே தொங்கும் பளிச்சென்ற வெள்ளை விளக்கு. வி2, கூடத்தின் நடுவில் பொது விளக்கு. வி3, இடப்பக்க ஜன்னலோரம், சுவருக்கு அழகு சேர்க்கும் மெல்லிய மஞ்சள் விளக்கு. அந்த ஜன்னலோரத்தில்தான் அவருடைய வரைபலகை மேசை இருந்தது. அதற்குப் பகல் வெளிச்சம் தாராளமாக இருந்ததால், அழகு போதும் என்று தீர்மானித்திருந்தார்.

மனைவியின் தம்பி மின்பணியாளர். ஊரில் பாதி வீடுகளுக்கு ஒயர் இழுத்தவர் அவர்தான். அங்கித் துணி வந்திறங்கிய மறுநாள் வந்தவர், மேசைமேல் விரித்திருந்த ஏழு பக்கங்களையும் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“மாமா, அரை மணி நேர வேலை. டிரில் வண்டியிலதான் இருக்கு. எடுத்துட்டு வரவா?”

“வேணாம் மச்சான். என் வீட்டு வெளிச்சத்தை நானே பாத்துக்கறேன்.”

“நீங்க ரெண்டு மாசமா பாத்துக்கிட்டுதான் இருக்கீங்க. அக்காவுக்குத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

“திட்டமிடுதல்னு ஒண்ணு இருக்கு.”

“இருக்கட்டும் மாமா. புதன்கிழமைன்னும் ஒண்ணு இருக்கு.”

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. துளையிடுவது, கொக்கி மாட்டுவது, ஒயர் இழுப்பது எல்லாம் மில்லிமீட்டர் செய்யலாம். மெயினில் இணைப்பது மட்டும் மைத்துனர். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவர் வருவார். அதற்குள் எல்லாம் ஒழுங்காக மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் தம் விருப்பப்படி ஒரு குழல்விளக்கை ஆணியடித்துவிட்டுப் போவார். மாமா வாய் திறக்கக் கூடாது.

“திறந்தா, சொந்தக்காரங்க எல்லாருக்கும் அந்த ஏழு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிடுவேன்” என்றார் மைத்துனர்.

மில்லிமீட்டர் அந்த ஏழு பக்கத்தையும் அவசரமாகச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

மறுநாள் மின்சாதனக் கடைக்குப் போனார். கடைக்காரர் வரைபடத்தை வாங்கி, ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

“சார், இது வீடா, விமான நிலையமா?”

“கூடம். பதினாறு அடிக்குப் பன்னிரண்டு.”

“மொத்தம் எத்தனை லைட்டு?”

“மூணு.”

“மூணு லைட்டுக்கு ஏழு பக்கமா! சார், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. லைட்டு எங்க வேணும்னு வீட்டம்மாவைக் கேட்டீங்களா?”

“அவங்க பயனாளி. பயனாளியைக் கடைசிக் கட்டத்துலதான் கலந்தாலோசிக்கணும்.”

கடைக்காரர் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒயரை அளந்து வெட்டினார். அவருக்கும் வீட்டில் ஒரு பயனாளி இருந்திருக்க வேண்டும்.

மிச்சம் இருந்தது ஒரே வேலை: கூரையை வரைவது. இதில்தான் விதி தன் மூக்கை நுழைத்தது. ஒரு வீட்டை வரையும்போது அதன் கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து எட்டிப்பார்ப்பதாகப் பாவித்து வரைவது அவர் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கூரைகளைக் கழற்றியே பழகிய கைக்கு, இப்போது கூரையையே வரைய வேண்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தார், கழுத்து வலித்தது. ஆகவே கூடத்தின் நடுவில் பாயை விரித்தார். தலையை வாசல் பக்கமும் காலைச் சமையலறைப் பக்கமும் நீட்டி மல்லாந்து படுத்தார். அட்டையில் தாளைச் செருகி, முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்தது தெரிந்தபடி வரைந்தார். வலப்பக்கம் இயந்திரம், தாளிலும் வலப்பக்கம் வி1. இடப்பக்கம் ஜன்னல், தாளிலும் இடப்பக்கம் வி3. வலச் சுவரிலிருந்து மூன்றரை அடி என்று அழகாக எண் எழுதினார். மை இரண்டு சொட்டு நெற்றியில் விழுந்தது. அதையும் ஒரு வெற்றித் திலகமாக எடுத்துக்கொண்டார்.

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவி, “உடம்புக்கு முடியலையா?” என்றாள்.

“வரையறேன்.”

“சரி, வரைஞ்சு முடிச்சதும் பாயைச் சுருட்டி வையுங்க” என்று சொல்லிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. துளையிட்டால் தூசி பறக்கும் அல்லவா? எனவே இயந்திரம், மேசை, நாற்காலிகள், கறுப்புத் துணி மூட்டை அனைத்தும் படுக்கையறைக்குப் போயின. ஜன்னலுக்கும் சுவரலமாரிக்கும் செய்தித்தாள் ஒட்டியாயிற்று. கூடம் வெறும் பெட்டிபோல் ஆனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். மில்லிமீட்டர் வாசலைப் பார்த்து நின்றுகொண்டு, தாளின் மேல்விளிம்பு வாசல் பக்கம் இருக்கும்படி அதைத் தரையில் வைத்தார். எல்லாம் முறைப்படி. மல்லாந்து படுத்தவனின் வலக்கை, எழுந்து வாசலைப் பார்த்து நின்றவனுக்கு இடக்கைப் பக்கம் போய்விடும் என்பது மட்டும் அந்த முறையில் எழுதப்பட்டிருக்கவில்லை.

வலச் சுவரிலிருந்து மூன்றரை அடி அளந்தார். ஏணியைப் போட்டார்.

சமையலறை வாசற்படியில் நின்ற மனைவி, “என்னங்க, அது ஜன்னல் பக்கம் இல்ல?” என்றாள்.

“கூடத்துக்குள்ள வராதே. தூசி.”

“வரலை. அங்கதானே உங்க மேசை கிடந்துச்சு?”

“கண்ணு ஏமாத்தும்மா. அளவு ஏமாத்தாது. பிளான்ல போட்டிருக்கு.”

பிளானில் போட்டிருந்தால் மறுபேச்சு ஏது? அவள் உள்ளே போனாள். டிரில் ஓலமிட்டது. மூன்று துளைகள், மூன்று கொக்கிகள், வெள்ளைப் பட்டைக்குள் மூன்று ஒயர்கள், எல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக அமைந்தன. குறை சொல்லக் கூடாது: வேலை சுத்தமாக இருந்தது. மணி மூன்றுக்கு முடிந்துவிட்டது. ஏணியிலிருந்து இறங்கிய மில்லிமீட்டர், படையெடுத்து வென்ற மன்னன்போல் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இனி சாமான்களைக் கொண்டுவரலாம்.”

இருவருமாகச் சேர்ந்து மேசையைத் தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்தார்கள். இயந்திரத்தைத் தூக்கி வந்து சுவரலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். செய்தித்தாளைக் கிழித்தார்கள். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல் குனிந்து, பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

அவள் தலைக்கு மேலே வி3 தொங்கிக்கொண்டிருந்தது. அழகுக்கான மஞ்சள் விளக்கு.

கூடத்தின் அந்தக் கோடியில், வெயில் கொட்டிக்கொண்டிருந்த ஜன்னலோரத்தில், வரைபலகைக்கு மிகச் சரியாக மேலே, மூன்றரை அடியில், பளிச்சென்ற வி1.

மில்லிமீட்டர் தாளை எடுத்தார். தரையில் வைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் மல்லாந்து படுத்து, தாளை முகத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பதற்கு ஒரு காரணமும் அவருக்குத் தோன்றவில்லை.

“என்ன ஆச்சு?” என்றாள் மனைவி.

“இடம் வலமாப் போச்சு.”

“எது?”

“எல்லாம். வி2 மட்டும் தப்பிச்சுது. அது நடுவுல இருக்கு.”

மணி மூன்று பத்து. மைத்துனர் வருவதற்கு ஐம்பது நிமிடம். கூரையில் புதிதாகத் துளையிட்டுப் பழையதைப் பூசி மறைக்க நேரமில்லை. ஒயரோ அளவெடுத்து வெட்டியது. ஒரு சாண்கூட மிச்சமில்லை. மிச்சமின்றி வெட்டுவதே அவர் பெருமையாக இருந்தது. பன்னிரண்டு அங்கிகளில் ஐந்துதான் முடிந்திருந்தன. மிச்ச ஏழும் ஏழு காகங்களைப்போல மூட்டைக்குள் காத்திருந்தன. சொந்தக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேரின் முகங்களும் அவர் கண்முன் வரிசையாக வந்து சிரித்துவிட்டுப் போயின. எல்லோருக்கும் பின்னால் மனைவியின் முகம் நின்றது. அது மட்டும் சிரிக்கவில்லை. மற்ற முப்பத்தெட்டையும்விட அதுதான் அவரைச் சுட்டது.

“உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றார் கூரையைப் பார்த்தபடி.

“கேக்கலைன்னாலும் நான் சொன்னேனே. ஜன்னல் பக்கம்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே.”

அவள் கூரையில் தொங்கிய வி1-ஐயும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

“எந்திரிங்க. அந்தப் பக்கம் பிடிங்க.”

“எங்க கொண்டுபோறே?”

“லைட்டு பிளான்படி சரியா இருக்கா?”

“பிளான்படி மில்லிமீட்டர் பிசகலை.”

“அப்ப மிஷின்தான் பிளான்படி இல்ல. பிடிங்க.”

“அங்க என் மேசை இருக்கே!”

“அதுவும் பிளான்படி இல்ல” என்றாள் அவள்.

இருபது நிமிடத்தில் கூடம் இடம் வலமாக மாறியது. இயந்திரம் ஜன்னலோரம் போயிற்று. வரைபலகை சுவரலமாரிக்குப் பக்கத்தில் வந்து ஒடுங்கியது. மனைவி ஆறாவது அங்கியை எடுத்து விரித்தாள். மாலை வெயில் துணியின் ஒவ்வோர் இழையையும் எழுப்பிக் காட்டியது. ஊசிக்காதைத் தேடி அவள் கண்ணைச் சுருக்கவில்லை. நூல் ஒரே முயற்சியில் நுழைந்தது. மேலே வி1 இன்னும் எரியவே இல்லை. அதற்கு இப்போது வேலையும் இல்லை.

மைத்துனர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்று கூரையைப் பார்த்தார். கொக்கிகளை இழுத்துப் பார்த்தார். பட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டினார். தரையில் கிடந்த வரைபடத்தை எடுத்து, கூடத்தோடு ஒத்துப்பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் முகம் மெல்ல மெல்ல ஏமாற்றத்தில் நீண்டது.

“மாமா, ஒத்துக்கறேன். படத்துல எப்படியோ அப்படியே இருக்கு. மிஷின் இங்க, மேசை அங்க. ஒரு இடத்துல கை வைக்க முடியலை.”



மெயினை அணைத்து, இணைப்புகளைக் கொடுத்து, மீண்டும் போட்டார் மைத்துனர். மூன்று விளக்குகளும் எரிந்தன. அப்போதுதான் அவர் அக்கா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதைக் கவனித்தார்.

“அட, ஜன்னலோரமா! எத்தனை வருஷமா அந்த இருட்டு மூலையில கிடந்தே! மாமா, ரெண்டு மாசம் இதைத்தான் யோசிச்சீங்களா? நான் என்னென்னமோ கிண்டல் பண்ணிட்டேன். உங்களோட இடத்தையே எடுத்துக் குடுத்திருக்கீங்களே. மன்னிச்சுக்கங்க மாமா. நீங்க எங்கயோ போயிட்டீங்க.”

மில்லிமீட்டருக்குத் தப்பிப்பதற்கு இதைவிட நல்ல கதவு கிடைத்திருக்காது. திறந்தே கிடந்தது; தலை நிமிர்ந்து வெளியேறிவிடலாம். வீடே வரைபடத்துக்கு ஒத்துப்போய்விட்டது. தவறு நடந்ததற்கு இனி உலகில் அத்தாட்சி கிடையாது. மனைவியோ அங்கியின் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியான புறத்தைக் கண்டு, தையலில் கண்ணாயிருந்தாள்.

அவர் அந்தப் பழைய மூலையில் தம் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அளவுகோலைக் கையில் எடுத்தார். சின்னக் கோடுகள் எங்கே என்று தெரியவில்லை. அவருடைய நிழலே முன்னால் போய்ப் பலகைமேல் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு ஆண்டுகள் இந்த வீட்டின் வெளிச்சம் முழுவதையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் வெளிச்சத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனாவது தன் வெண்ணெயைத்தான் வைத்திருந்தான். இது மற்றொருத்தியின் வெண்ணெய்.

“மச்சான்” என்றார். “நான் அப்படி யோசிக்கவே இல்லை. படத்தை மல்லாந்து படுத்து வரைஞ்சேன். எந்திரிச்சுப் பாக்கும்போது இடம் வலமாயிடுச்சு. லைட்டெல்லாம் தப்பான பக்கம் மாட்டிட்டேன். உங்க அக்காதான் சாமானை மாத்திப் போட்டா.”

மைத்துனர் ஒரு கணம் விழித்தார். பிறகு தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தார், இறக்கிப் பார்த்தார், மீண்டும் தூக்கினார். விஷயம் பிடிபட்டதும் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“மில்லிமீட்டர் மாமா… அடிக்கணக்குல… மொத்தமா அந்தப் பக்கம்…”

முகத்துக்கு நேரே அந்தப் பெயரைக் கேட்டது அவருக்கு இதுவே முதல் முறை. ஆச்சரியம், வலிக்கவில்லை.

“சிரிச்சது போதும்டா. எழுந்திரு. ஏணியில உக்காந்தா ஏணி சாயும்” என்றாள் மனைவி.

“சரிக்கா, இப்ப என்ன பண்றது? நாளைக்கு வந்து லைட்டை எல்லாம் மாத்திக் குடுத்துடவா? மிஷினைப் பழைய இடத்துலயே…”

“என் மிஷின் மேல யாராவது கை வச்சீங்க, அந்தக் கையை அங்கியோட சேத்துத் தைச்சிடுவேன்” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.

மைத்துனர் கைகளைக் கால்சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு விடைபெற்றார். சொந்தக்காரர்களுக்குப் போட்டோ போயிற்றா என்றால், போயிற்று. ஏழு பக்கமும் போயிற்று. வாக்குக் கொடுத்த நிபந்தனை முறிந்ததா இல்லையா என்பதில் அவருக்கும் மாமாவுக்கும் இன்றுவரை கருத்துவேறுபாடு உண்டு.

புதன்கிழமை காலையில் பன்னிரண்டு அங்கிகளும் கடைக்குப் போயின. இருபத்துநான்கு கைகளில் ஒன்றும் திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக இருபது அங்கிகளுக்கான துணி வந்தது.

வியாழக்கிழமை மாலை, மில்லிமீட்டர் மூலையில் உட்கார்ந்து ஒரு புதுத் தாளை விரித்தார். மஞ்சள் விளக்கு அழகாக எரிந்தது. அதனால் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. தாளின் தலைப்பில் ‘வி4’ என்று எழுதப் போனார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

“அதை மூடி வையுங்க” என்றாள் மனைவி. கையில் டார்ச்சும், துணியில் குறிபோடும் வெள்ளைக் கட்டியும் இருந்தன. “நேரா உக்காருங்க. பேனாவை எடுங்க. எழுதற மாதிரி குனியுங்க.”

அவர் குனிந்தார். அவள் ஏணியில் ஏறி, டார்ச்சைக் கூரையோரமாக நகர்த்தினாள்.

“நிழல் எங்க விழுது?”

“கை மேல.”

“இப்ப?”

“பேனா மேல. இன்னும் கொஞ்சம்… இன்னும்… ஆ, போச்சு. நிழலே இல்லை.”

“அசையாதீங்க” என்று சொல்லி, அவள் கூரையில் வெள்ளைக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

“சுவத்துல இருந்து அளவு எடுக்க வேணாமா?”

“அளவு எடுத்தாச்சு. நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, அதான் அளவு. சட்டைக்கு எடுக்கறப்ப சுவத்தையா அளக்கறேன்?”

இதற்குத் தகுந்த மறுமொழி ஒன்று தம்மிடம் இருப்பதாக மில்லிமீட்டர் நினைத்தார். அதைச் சொல்வதற்காக அண்ணாந்து வாயைத் திறந்தார். குறி போட்ட இடத்திலிருந்து வெள்ளைத் தூள் நேரே உள்ளே விழுந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு, டிரில்லை எடுத்துவரப் போனார்.